நெர்ஃப் கமாண்டர்: விமானம் ஏற்றுவதற்கு ஏற்ற பொம்மைத் துப்பாக்கியா?

கடையில் பொம்மைத் துப்பாக்கி வாங்கும்போது எவ்வளவு தூரம் சுடும், எத்தனை தோட்டா பிடிக்கும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றப் போகிறவர் வேறு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அது என்ன நிறம், உள்ளே பேட்டரி இருக்கிறதா, சுடுவதற்கு வெடிமருந்தோ வாயுவோ வேண்டுமா என்பதெல்லாம் அங்கே முக்கியம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஹாஸ்ப்ரோவின் நெர்ஃப் எலீட் 2.0 கமாண்டர் ஆர்டி-6 நல்ல தேர்வு. குறைகளும் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை பெட்டி கட்டும் விதத்திலேயே சரியாகிவிடும். அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருபவர்கள் அக்கா பையனுக்கு, அண்ணன் பெண்ணுக்கு என்று வாங்கி வரும் பொம்மைகளில் இது அடிக்கடி இடம்பிடிக்கிறது. அதனால் இந்த மதிப்புரையில் பயணத்தைத்தான் முதலில் பார்க்கிறோம், விளையாட்டு அதற்குப் பிறகு.

கமாண்டர் வேலை செய்யும் முறை எளிமையானது. மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே பிஸ்டன் பின்னுக்கு நகர்ந்து ஸ்பிரிங்கை அழுத்தி நிற்கிறது. ட்ரிகரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றைத் தள்ளுகிறது, அந்தக் காற்று ஃபோம் டார்ட்டை வெளியே அனுப்புகிறது. டிரம்மில் 6 டார்ட் நிற்கும், அட்டைப்பெட்டியில் 12 தருகிறார்கள். 90 அடி, அதாவது சுமார் 27 மீட்டர் வரை போகும் என்கிறது நிறுவனம். முனையை மேல்நோக்கிச் சாய்த்துச் சுட்டால்தான் அந்தத் தூரம். நேராகப் பிடித்துச் சுட்டால் நன்றாகவே குறையும். வீட்டு ஹாலுக்கும் மொட்டை மாடிக்கும் அதுவே தாராளம். 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று குறிக்கப்பட்ட பொம்மை.

பயணத்துக்கு இது ஒத்துவருவதற்குக் காரணம் இதில் இல்லாத பொருள்கள்தான். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை, வாயுக் குப்பி இல்லை, வெடிக்கும் கேப் இல்லை. உலோகம் என்று சொல்ல ஸ்பிரிங்கும் சில சிறிய பாகங்களும்தான். நீலமும் ஆரஞ்சும் கலந்த உடலைப் பார்த்தால் நிஜத் துப்பாக்கி என்று யாருக்கும் தோன்றாது. இருந்தாலும் இதைக் கைப்பையில் வைக்கக் கூடாது.

கைப்பையில் ஏன் கூடாது

எக்ஸ்-ரே திரையில் பொம்மையின் நிறம் தெரியாது. பிளாஸ்டிக், துணி, உணவு போன்றவை ஆரஞ்சு நிறத்திலும், இரும்பு போன்ற உலோகங்கள் நீலத்திலும், இரண்டுக்கும் நடுவில் வருபவை பச்சையிலும் தெரியும். கடையில் நீலமாகத் தெரிந்த கமாண்டர், திரையில் ஆரஞ்சு நிழலாக விழுகிறது. பிடி, ட்ரிகர் வளையம், சுழலும் டிரம், அதன் மேல் நீலக் கோடாக ஒரு ஸ்பிரிங். டிரம் இருப்பதால் அந்த நிழலுக்கு ரிவால்வர் சாயல் வேறு வந்துவிடுகிறது. இந்த மாடலின் பெரிய குறை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரே டார்ட் போடும் ஜோல்ட் போன்ற சின்ன நெர்ஃப்களில் இந்தச் சிக்கல் குறைவு.

பரிசோதகர் அந்த நிழலைப் பார்த்ததும் பெல்ட்டை நிறுத்துவது அவர் கடமை. அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் டிஎஸ்ஏ (அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்) பிடித்த நிஜத் துப்பாக்கிகள் 6,737. பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. அடுத்த ஆண்டும் எண்ணிக்கை 6,678. அந்த வேலையில் இருப்பவர் துப்பாக்கி வடிவம் எதையும் "பொம்மையாக இருக்கும்" என்று விட்டுவிட முடியாது.

விதிகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நிஜம் போலத் தெரியும் மாதிரித் துப்பாக்கியை டிஎஸ்ஏ கேபினில் அனுமதிப்பதில்லை, செக்-இன் பெட்டியில் அனுமதிக்கிறது. பொம்மை ஆயுதங்கள் எதுவானாலும் செக்-இன் பெட்டியிலேயே வைக்கச் சொல்கிறது. கடைசி முடிவு சாவடியில் நிற்கும் அதிகாரியுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/1998 விதிமுறை, நிஜ ஆயுதம் என்று தவறாக எண்ணக்கூடிய பொம்மைத் துப்பாக்கிகளையும் மாதிரிகளையும் கேபினில் தடை செய்யும் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே பட்டியலில் கவண்கூட இருக்கிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிசிஏஎஸ் அமைப்பின் பட்டியலும் நிஜம் போன்ற மாதிரித் துப்பாக்கியைக் கைப்பையில் தடுக்கிறது. எது நிஜம் போல, எது இல்லை என்ற எல்லைக்கோடு திரைக்கு முன் இருப்பவரின் கண்ணில்தான் இருக்கிறது. 15 நிமிடம் வரிசையில் நின்று வாதாடுவதற்குரிய பொருள் இது இல்லை.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2019 ஆகஸ்ட்டில் டிஸ்னி பூங்காக்களில் விற்ற உருண்டையான கோக் பாட்டிலை, கையெறி குண்டு போல இருக்கிறது என்று டிஎஸ்ஏ முதலில் தடுத்தது, பின்னர்தான் தளர்த்தியது. உள்ளே இருந்தது குளிர்பானம் மட்டும்.

நடுவழியில் விமானம் மாறுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சோதனை தாண்டியபின் விமான நிலையக் கடையில் வாங்கியதாயிற்றே என்று பொம்மைத் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பார்கள். துபாயிலோ தோஹாவிலோ ஃப்ராங்ஃபர்ட்டிலோ மாறும்போது கைப்பை மறுபடி ஸ்கேன் ஆகலாம். செக்-இன் பெட்டி அதற்குள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கும். பொம்மையை அங்கேயே விட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இருக்காது. பிறந்தநாள் பரிசுக்கு அந்தக் கதி வர வேண்டாம்.

பெட்டி கட்டும் முறை

கமாண்டரைக் கட்டும் முன் ஸ்லைடு தளர்ந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இழுத்து வைத்த நிலையில் விட்டால் ஸ்பிரிங் பயணம் முழுக்க அழுந்தியே கிடக்கும். அப்படிக் கிடந்தால் அதன் வேகம் குறையும். டிரம்மில் ஒரு டார்ட்டும் இருக்கக் கூடாது. இது பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதில்லை. டிரம்முக்குள் பாதி நீட்டிக்கொண்டு நிற்கும் டார்ட் மேல் இன்னொரு பொருள் அழுந்தினால் அது வளைந்துவிடும்; வளைந்த டார்ட் அதன்பின் நேராகப் போகாது.

டார்ட்டுகளுக்குத் தனி இடம் வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 செ.மீ. நீளம், ஒன்றேகால் செ.மீ. பருமன். 12 டார்ட் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்ந்து நிற்கும். ஜிப் பையில் போட்டுத் துணிகளுக்கு நடுவில் திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 23 கிலோ பெட்டி, அதன் மேல் இன்னும் நான்கு பெட்டி என்று அடுக்கும்போது ஃபோம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான டார்ட் குழாயில் சரியாக உட்காராது, காற்று ஓரத்தில் கசிந்து, 90 அடி என்று எழுதிய பொம்மை பத்தடியில் டார்ட்டைக் கீழே போடும். ஊரில் பெட்டியைத் திறந்து "இது சரியில்லையே" என்று சொல்லும் பலரின் பொம்மையில் கோளாறு எதுவும் இருக்காது, டார்ட்தான் நசுங்கியிருக்கும். டப்பா இல்லை என்றால் ஷூவுக்குள் வையுங்கள், அதுவும் கெட்டியான கூடுதான்.

அட்டைப்பெட்டியோடு கொண்டுபோவதா, பிரித்தா? கடையில் அடுக்கிக் காட்டுவதற்காக அதைப் பெரிதாகச் செய்திருக்கிறார்கள், உள்ளே பாதி காற்று. பிரித்தெடுப்பதுதான் லாபம். ஆனால் முன்பக்க அட்டையை, அதாவது பொம்மையின் படமும் பெயரும் 8+ என்ற வயதுக் குறிப்பும் இருக்கும் பக்கத்தை, வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொம்மையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்த அட்டையை அதன் மேல் வையுங்கள். பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்குத் துணியைக் கிளறாமலே விஷயம் புரிந்துவிடும். பில்லையும் அதே பையில் போடலாம்.

பெட்டிக்குள் இடம் தேர்வதும் முக்கியம். மேல் அடுக்கில், துணியின் மேல் படுக்கையாக. அதற்குக் கீழேயோ பக்கத்திலேயோ சார்ஜர் வயர்க் கட்டு, கெட்டியான இனிப்புக் கட்டி, சாக்லேட் அடுக்கு ஆகியவற்றை வைக்காதீர்கள். அடர்த்தியான உணவுக் கட்டிகள் செக்-இன் ஸ்கேனரில் தாமாகவே சந்தேகம் கிளப்பக்கூடியவை. ஒரு கிலோ மைசூர்பாகும் வயர்க் கட்டும் துப்பாக்கி வடிவமும் ஒரே இடத்தில் தெரிந்தால் பெட்டி தனியாக ஓரம் கட்டப்படும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு மூலையில் வைத்தால் போதும்.

பூட்டு விஷயத்தில் அமெரிக்கப் பயணத்துக்கு ட்ராவல் சென்ட்ரியின் சிவப்பு வைரக் குறி போட்ட பூட்டு நல்லது. டிஎஸ்ஏ அதிகாரிகளிடம் அதற்கான சாவி இருக்கும். வேறு பூட்டு என்றால் உடைத்துத்தான் திறப்பார்கள். திறந்து பார்த்திருந்தால் உள்ளே ஒரு சோதனை அறிவிப்புத் தாள் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. நிஜத் துப்பாக்கிக்குச் சொல்லப்படும் கெட்டியான பூட்டிய உறை, கவுன்ட்டரில் அறிவிப்பது போன்ற நடைமுறைகள் நெர்ஃபுக்குத் தேவையில்லை.

இதே விலைப் பக்கத்தில் வேறு வகைகள்

நெர்ஃபிலேயே மோட்டார் வைத்தவை உண்டு. ஸ்ட்ரைஃப் மாடலுக்கு 4 டபுள்-ஏ செல் வேண்டும். சாதாரண ஆல்கலைன் செல் எந்தப் பையிலும் போகும், ஆனால் துப்பாக்கிக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். பெட்டி அழுந்தி மோட்டார் சுவிட்ச் மேல் ஏதாவது பட்டால் பெட்டிக்குள்ளிருந்து உறுமல் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட ஊழியர் பெட்டியை ஏற்றமாட்டார். செல்லைக் கழற்றி அதன் அட்டையிலேயே திரும்பப் பொருத்தி வையுங்கள்.

தண்ணீரில் ஊறிய ஜெல் குண்டுகளைச் சுடும் ஜெல் துப்பாக்கியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிக்கல் அதிகம் வருவது இதில்தான். பாரிமுனை காசிச் செட்டித் தெருவிலிருந்து ஆன்லைன் வரை எங்கும் கிடைக்கிறது. பெரும்பாலானவை நிஜ ரைஃபிள் வடிவம். உள்ளே 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி. 1200 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் அதன் கணக்கு 7.4 × 1.2, சுமார் 8.9 வாட்-மணி. விமானத்தில் 100 வாட்-மணி வரை தாராளமாக அனுமதி உண்டு. ஆனால் கழற்றிய லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். துப்பாக்கியோ கைப்பையில் போகக் கூடாது. ஆக, துப்பாக்கி ஒரு பையில், அதன் பேட்டரி இன்னொரு பையில் என்றுதான் பயணம் செய்ய வேண்டும். பேட்டரியின் கனெக்டர் முனையை டேப் ஒட்டி மூடி, தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கைப்பையில் வையுங்கள். சார்ஜ் முழுக்க ஏற்றாமல் பாதியோடு எடுத்துப் போவது நல்லது. பேட்டரியைக் கழற்ற முடியாத மாடல் என்றால், தற்செயலாக இயங்க வழியில்லாதபடி முழுமையாக அணைத்திருக்க வேண்டும்; ட்ரிகர் தொட்டால் ஓடும் பொம்மையில் அதை உறுதி செய்வது கடினம். அந்த வகையை வாங்காமல் இருப்பதே சரி.

ஜெல் குண்டுகள் உலர்ந்த நிலையில் கடுகை விடச் சற்றுப் பெரியவை. தண்ணீரில் சில மணி நேரம் ஊறினால் 7, 8 மி.மீ. வரை உப்பும். ஊறியதைப் பெட்டியில் வைத்தால் நசுங்கித் துணி முழுக்க ஈரமாகும். உலர்ந்த பாக்கெட்டை மட்டும் எடுத்துப் போங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதை வாங்கவே வேண்டாம். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள்ளும் அப்படியே உப்பும்; குடலடைப்பு வரை போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஜெல் துப்பாக்கியைப் பரிசாகப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

தண்ணீர்த் துப்பாக்கி எளிது. கைப்பம்பு மாடலில் கவலைப்பட ஈரம் ஒன்றுதான். தொட்டியைக் காலி செய்தபின் வெறும் காற்று வரும்வரை பத்துப் பதினைந்து தடவை அழுத்தி, மூடியைத் திறந்து ஒரு நாள் கவிழ்த்து வையுங்கள். குழாய்க்குள் நிற்கும் மிச்சத் தண்ணீர்தான் பட்டுப்புடவையில் கறை போடுகிறது. சார்ஜ் ஏற்றும் மின் மாடல் என்றால் ஜெல் துப்பாக்கிக்குச் சொன்ன பேட்டரி விதி அப்படியே பொருந்தும்.

தீபாவளித் துப்பாக்கிக்கு வருவோம். வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு ஊர்த் தீபாவளியைக் காட்ட வேண்டும் என்று தாத்தா பாட்டி ஆசையாக வாங்கி வைப்பது இதைத்தான். துப்பாக்கியைப் புதிதாக, ஒருமுறைகூட வெடிக்காததாக, செக்-இன் பெட்டியில் கொண்டுபோகலாம். கேப் எந்தப் பையிலும் போகாது. சுருள் கேப், வளையக் கேப், பொட்டு வெடி எல்லாமே வெடிபொருள். ஒரு சுருள்கூட, அட்டைப்பெட்டி பிரிக்காவிட்டாலும்கூட, கேபினிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது. பொம்மைக்குள் ஒரு சுருள் மாட்டியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கடைக்காரர் சுட்டுக் காட்டிவிட்டு அப்படியே தந்திருப்பார். வெடித்துப் பழகிய துப்பாக்கியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். சுத்தியல் முனையிலும் அதைச் சுற்றியும் படிந்திருக்கும் மருந்துத் தூள், வெடிமருந்துத் துகள் தேடும் சோதனையில் மாட்டக்கூடியது. ஒரு துணித் துண்டால் பெட்டியைத் துடைத்து இயந்திரத்தில் வைத்துப் பார்க்கும் சோதனை அது. அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் விளக்கம் சொல்லவே நேரம் போய்விடும்.

பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட், சாயக் குண்டு சுடும் பெயின்ட்பால் பக்கம் போகிறவர்கள் பெரியவர்கள். அவர்களுக்குச் சுருக்கமாக: ஆயுதம் செக்-இன்னில் மட்டும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு. ஏர்சாஃப்டில் அடைக்கும் கிரீன் கேஸ் என்பது புரோப்பேன், எரியும் வாயு. எந்தப் பையிலும் ஏறாது. மேகஸினில் மிச்ச வாயு இருந்தால் வீட்டிலேயே வெளியேற்றிவிடுங்கள். 11.1 வோல்ட் 1300 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 14.4 வாட்-மணிதான், ஆனாலும் கைப்பையில்தான்.

சாவிக்கொத்தில் தொங்கும் விரலளவு உலோகத் துப்பாக்கியைப் பலர் பொம்மை என்றே நினைப்பதில்லை. எக்ஸ்-ரேயில் அது கரும் நீலத்தில், துல்லியமான துப்பாக்கி வடிவத்தில் தெரியும். கமாண்டரை விட இது மாட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். வீட்டுச் சாவியைக் கழற்றிக்கொண்டு கொத்தைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். துப்பாக்கி வடிவ லைட்டர் இன்னும் மோசம்: லைட்டர் என்பதால் செக்-இன்னில் கூடாது, துப்பாக்கி வடிவம் என்பதால் கேபினில் கூடாது. சிங்கப்பூருக்குள் கொண்டுபோவதற்கே தடை.

இறங்கும் நாட்டின் சட்டம்

விமானம் ஏற்றிவிட்டதோடு வேலை முடிவதில்லை. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி, நிஜம் போலத் தெரியும் போலித் துப்பாக்கியை உள்ளே கொண்டுவருவது குற்றம். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் ஆகியவற்றில் ஒன்றிலோ, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கிலோ இருந்தால் அது நிஜம் போன்றது என்று கருதப்படாது. 38 மி.மீ. உயரம், 70 மி.மீ. நீளத்துக்குக் குறைந்தவையும் தப்பும். அதாவது காசிச் செட்டித் தெருவில் வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் பிஸ்டலை லண்டனுக்குக் கொண்டுபோகாதீர்கள். கனடாவிலும் நிஜத் துப்பாக்கியை அச்சாக ஒத்த மாதிரி தடை செய்யப்பட்ட சாதனம், தனிநபர் உள்ளே கொண்டுவர முடியாது. டொராண்டோவுக்குப் போகிறவர்கள் வண்ணப் பொம்மையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஏர்சாஃப்டும் ஜெல் துப்பாக்கியும் காவல்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாதவை. ஆஸ்திரேலியாவில் ஜெல் துப்பாக்கியைக் குவீன்ஸ்லாந்து மாநிலம் மட்டுமே பொம்மையாக ஏற்கிறது, மற்ற இடங்களில் அது துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருகிறது.

அமெரிக்காவில் விற்கும் பொம்மைத் துப்பாக்கிகளின் குழல் முனையில் தீப்பிழம்பு போன்ற ஆரஞ்சுச் செருகி இருப்பது 1988-இல் வந்த சட்டத்தால். முனையிலிருந்து 6 மி.மீ.க்கு மேல் உள்ளே போகாமல் அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதைப் பிடுங்குவதோ கறுப்பு அடிப்பதோ கூடாது. அது இருப்பதால் கைப்பையில் அனுமதி கிடைத்துவிடும் என்று நம்பவும் கூடாது.

இந்தியாவுக்கு வரும்போது ஒன்றிரண்டு பொம்மை யாருடைய கவனத்தையும் ஈர்க்காது. ஒரே மாடலில் பத்துப் பன்னிரண்டு இருந்தால் வியாபாரச் சரக்கு என்ற கேள்வி எழும். விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை கட்டாயம்.

மொத்தத்தில் கமாண்டருக்குப் பயணப் பொம்மையாக ஐந்துக்கு நான்கு தரலாம். ஒரு புள்ளி குறைவது டிரம்மின் ரிவால்வர் நிழலுக்காகவும், பாகம் பாகமாகக் கழற்றி அடக்க முடியாத பருமனுக்காகவும். இரண்டு குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஒரு கமாண்டரை விட இரண்டு ஜோல்ட் இடமும் அடைக்காது, சண்டையும் வராது. கூடுதலாக ஒரு டார்ட் பாக்கெட் வாங்கிப் போடுங்கள்; சோபாவுக்கு அடியிலும் பக்கத்து வீட்டு மாடியிலும் முதல் வாரத்திலேயே பாதி டார்ட் தொலைந்துவிடும்.

கவுன்ட்டரில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாலோ, ஸ்கேன் செய்தபின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, "துப்பாக்கி" என்ற சொல்லில் பதிலைத் தொடங்காதீர்கள். "குழந்தைகள் விளையாட்டுச் சாமான், ஃபோம் டார்ட், பேட்டரி கிடையாது" என்று சொல்லிவிட்டு, மேல் அடுக்கில் இருக்கும் அட்டையைக் காட்டுங்கள். பெட்டியை அவர் திறக்கச் சொன்னால் திறந்துவிட்டு, பொம்மையை நீங்களாக எடுத்துக் கையில் பிடிக்காமல் அவரையே எடுக்க விடுங்கள்.